சூடாகத் திரும்பாத எண்ணெய்

எங்கள் விமான என்ஜின் சோதனைக்கூடத்தில் எண்ணெய் ஓட்டத்தைக் கவனிக்கும் அவருக்கு எண்ணெய் அக்கா என்று பெயர். வைத்தது நான்தான். அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே தொலைபேசியை எடுத்து, "எண்ணெய் அக்கா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் செய்வது சிறு விமானங்களுக்கான சுழல் என்ஜின். மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் அதில் கிடையாது. உப்பிய முக்கோணம் போன்ற ரோட்டர்கள் இரண்டு, கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டைத் தண்ணீர் குளிர்விக்கும். ஆனால் மூன்று பக்கமும் நெருப்பை வாங்கிக்கொண்டு சுற்றுகிற ரோட்டருக்குள் தண்ணீர் போக வழியில்லை. ரோட்டர்களைத் தாங்கும் தண்டின் நடுவே துளைத்த பாதையில் எண்ணெய்தான் போய், ஊசித்துளை வழியாக ரோட்டரின் உள்வயிற்றில் பீய்ச்சியடிக்க வேண்டும். தண்டு உரசாமல் சுற்ற உதவும் பேரிங்கைத் தேயாமல் காப்பதும் அதுதான், சூட்டை வாரிக்கொண்டு வெளியே வருவதும் அதுதான்.

"எல்லா வேலையும் ஒரே ஆளு தலையில. எங்க வீடு மாதிரியே," என்பார் அக்கா. பொய். அவர் வீட்டில் சமையல் முதல் துணி துவைப்பது வரை எல்லாம் அவர் கணவர்தான்.

அந்த வருடம் புது என்ஜினுக்கு நூறு மணி நேர ஓட்டம் வைத்திருந்தோம். மேடையில் பூட்டி, நிறுத்தாமல் நூறு மணி ஓடிவிட்டால் அடுத்தது விமானத்தில் ஏற்றுவதுதான். ஓட்டிப் பார்க்கப் போகிற பைலட், அக்காவின் சொந்தத் தங்கை. அதனால் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்து மூன்றாவது மணியில், அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம், திரும்பி வரும் எண்ணெயின் சூடு ஒன்பது டிகிரி இறங்கியது. நாங்கள் கை தட்டினோம். மேலாளர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இவ்வளவு குளிர்ச்சியாக ஓடும் என்ஜினை யார் பார்த்திருக்கிறார்கள்!

அக்கா வந்தார். அளவுமானியைப் பார்த்தார். முகம் தொங்கிப் போயிற்று.

"நிறுத்துங்க சார்."

"என்னம்மா, சூடு ஏறினா நிறுத்தலாம். இறங்கினதுக்கா நிறுத்துவாங்க? இன்னும் பதினேழு மணி நேரம்தான்."

"எண்ணெய் உள்ள போறதே சூட்டை வாங்கிட்டு வரத்தான். வெறுங்கையோட வருதுன்னா, அது ரோட்டருக்குள்ள போகவே இல்ல சார்."

"அழுத்தம் சரியாத்தானே காட்டுது?"

"அடைப்புக்கு இந்தப் பக்கம் நல்லாத்தான் காட்டும்," என்று சொல்லி, யாரையும் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். ஓடிய எண்பத்து மூன்று மணியும் வீண். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேலாளர் கத்தின கத்தலில் எங்கள் காது கிழிந்தது.

பிரித்துப் பார்க்க இரண்டு நாள் ஆனது. பின்பக்க ரோட்டரின் ஊசித்துளையில் கரும்பச்சையாக ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பேரிங் தீய்ந்திருக்கும். ஆகாயத்தில் நடந்திருந்தால் என்ஜின் அங்கேயே நின்றிருக்கும். மேலாளரோ ரோட்டர் அனுப்பிய பட்டறைக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"கடிதம் வேண்டாம் சார்," என்றார் அக்கா. "அது மூடி கசியாம இருக்கப் பூசற பசை. எண்ணெய் வடிகட்டிக்கு அப்புறம் இருக்கற மூடிய மாட்டினது நான். முதல்ல ஒரு சொட்டு கசிஞ்சுது, நீங்க சத்தம் போட்டீங்க. ரெண்டாவது தடவ தாராளமாப் பூசிட்டேன். மிச்சம் உள்பக்கம் பிதுங்கி, காய்ஞ்சு, பிச்சுக்கிட்டுப் போயிருக்கு."

இனி என்ஜின் பூட்டும் வேலையில் அவர் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அக்கா தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். சொல்லாமலிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அவர் மேல் என்றுமில்லாத மரியாதையும் வந்தது.

மறுநாள் தங்கை வந்தார். மேலாளர் நடந்ததையெல்லாம் சொல்லி, "இந்தத் தடவ வேற ஆளுங்க பூட்டறாங்க, பயப்படாதீங்க," என்றார்.

"இப்பத்தான் சார் பயமா இருக்கு. தப்பே பண்ணாத ஆளு எங்கயும் கிடைக்காது. தப்பைத் தானே வந்து சொல்ற ஆளு இங்க ஒருத்தி இருக்கா. அவ பூட்டினா ஏறறேன். இல்லன்னா வேற பைலட்டைப் பாருங்க."

"உங்க அக்காங்கறதால சொல்றீங்க."

"அக்காங்கறதால தினமும் சண்டைதான் போடறேன். இது வேற."

அக்காவே பூட்டினார். அந்த மூடிக்கு மயிரிழை போலப் பசை இழுத்து, மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மாட்டினார். நூறு மணியும் எண்ணெய் சூடு குறையாமல் ஓடியது.

விமானம் ஏறிய காலையில் அக்கா வானத்தைப் பார்க்க மாட்டேன் என்று விமானத்தோடு பேசும் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்துத் தங்கையின் குரல் கரகரத்தது.

"எண்ணெய் சூடாத் திரும்பி வருது, அக்கா. நானும் வரேன்."

அக்கா அழுதார், சிரித்தார், மூக்கைத் துடைத்தார். பிறகு என்னை அதட்டினார். "சூடாம், சூடு! எத்தனை டிகிரின்னு கேளுப்பா!"