திரும்பி நின்ற குதிரை

1996. ஆண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்காவின் சதுரங்க ரேட்டிங் அது. இரண்டாயிரத்துக்கு இன்னும் நாலு. பதினான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டியும் அந்த நாலு மட்டும் கைக்கு எட்டவில்லை.

"நாலு புள்ளிதானே, கொசுறா கேட்டு வாங்கிட்டு வந்துடு" என்று கணவர் காலையில் வழியனுப்பினார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறும் டியூட்டி என்று உத்தரவு வந்தாயிற்று. இதுதான் கடைசிப் போட்டி. அதிலும் இது கடைசிச் சுற்று.

எதிரே கணக்கு டீச்சர். வயதில் பத்து குறைவு, ரேட்டிங்கில் நூற்றைம்பது கூடுதல். அவரோடு டிரா செய்தாலே நாலு புள்ளி வந்துவிடும். மூன்றரை மணி நேரம் அக்கா இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் டீச்சர் ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டு மெல்லக் கேட்டார்:

"டிரா வச்சுக்கலாமா அக்கா?"

'சரி' என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு முன் அக்கா பலகையை ஒருமுறை கண்ணாரப் பார்த்துக்கொண்டார். அவருடைய குதிரை ஒன்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றது. லேபிள் முன்னால் தெரியும்படி இருபத்திரண்டு வருடமாகப் புட்டிகளைத் திருப்பி வைத்த கை தானாக நீண்டு, குதிரையையும் நேராக்கியது.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"அக்கா, தொட்டுட்டீங்க."

"ஐயோ, நேரா வச்சேன்மா, அவ்வளவுதான்."

டீச்சர் தலை நிமிராமலே கையைத் தூக்கி நடுவரை அழைத்தார்.

"சரிபண்றேன்னு முதல்ல சொன்னீங்களா?" என்றார் நடுவர்.

பொய் சொல்லியிருக்கலாம். "சொல்லலை சார்."

"அப்ப அதைத்தான் நகர்த்தணும்மா. காயைத் தொட்டதும் டிராவும் போச்சு."

ராணிக்கு மறைப்பாக நின்றது அந்தக் குதிரை ஒன்றுதான். அக்கா அதை நகர்த்தினார். டீச்சர் ராணியை வெட்டினார். அடுத்த எட்டு நகர்த்தல்களையும் அக்கா ஒழுங்காகத் தாளில் எழுதிவிட்டு, தோற்றதாகக் கை நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. எனக்கும் இந்தப் பாயின்ட் வேணும்."

"நீ என்ன பண்ணுவே. கை என்னோடது."

வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"என்ன, கொசுறு கிடைச்சுதா?"

"இருந்ததும் போச்சுங்க."

அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாத ரேட்டிங் பட்டியலில் அவருக்கு 1990 என்று வரும். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு மருந்தகத்தில் டியூட்டி.