முதுகை உறுத்திய முடிச்சு

போன வருடம் ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், கே.கே. நகரில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்பதற்காக நின்றேன். எதற்கு என்று சொல்ல, கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பதினான்கு வருடம் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவள் நான். வீடு ஆதம்பாக்கத்தில். என் மாமியாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தபோதுதான், கையைத் தூக்க முடியாதவருக்கு நைட்டி மாட்டிவிடுவது எவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்தது. சைதாப்பேட்டையில் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவிடம் போய், பின்பக்கம் முழுக்கத் திறந்து, நாடாவால் கட்டிக்கொள்கிற மாதிரி நான்கு நைட்டி தைத்து வாங்கி வந்தேன். மாமியார் சேரில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டார். வந்து பார்த்தவர்கள், எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அலுவலக வேலை வெறுத்துப்போயிருந்த நேரம். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, நோயாளிகளுக்கான நைட்டிகளை ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன்.

எனக்கு மேலே இனி யாரும் இல்லை என்று முதல் மாதம் குதித்தேன். எனக்குக் கீழேயும் யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தி. நகரில் துணி எடுப்பது, அதைச் சைதாப்பேட்டையில் கொண்டுபோய்க் கொடுப்பது, படம் பிடிப்பது, பார்சல் கட்டுவது, கூரியர்காரரைத் துரத்துவது எல்லாம் நானே. அளவு சரியில்லை, நிறம் வேறு, எப்போது வரும் என்று போனில் செய்தி வந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. ஒரு வருடத்தில் அந்தச் செய்திச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும் அளவுக்கு ஆகிவிட்டேன்.

கம்ப்யூட்டர் தெரிந்தவள் அல்லவா? வாடிக்கையாளர்களின் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும்படி நானே ஒரு ஏற்பாடு செய்தேன். பார்சல் சேர்ந்த பத்தாவது நாள், ‘ஆடை பிடித்திருக்கிறதா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? படம் அனுப்பினால் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி’ என்று போகும். பதில் வந்தால் ஒரு நன்றி. படம் வந்தால் பெரிய நன்றி. வாரா வாரம் ஒரு நினைவூட்டல். அதை அமைத்து முடித்த அன்று எனக்கே நான் சபாஷ் சொல்லிக்கொண்டேன். அதன்பின் ஆர்டர்களை மட்டும்தான் திறந்து பார்த்தேன். மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

அப்படியே மூன்று மாதம் போனது. ஒரு நாள் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் போன் செய்தாள்.

“உங்க கம்பெனியில மனுஷங்க யாராவது இருக்கீங்களா?” என்றாள்.

“நான் மட்டும்தாங்க இருக்கேன்” என்றேன்.

“அப்ப நீங்களே எங்க அப்பா நம்பர்ல என்ன அனுப்பியிருக்கீங்கன்னு எடுத்துப் படிங்க. எங்க அம்மா போய் இருபது நாள் ஆகுது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

படித்தேன். முதலில் அவளுடைய அப்பா எழுதியிருந்தார்: ‘படுத்திருப்பதால் முதுகில் முடிச்சு உறுத்துகிறது. பக்கவாட்டில் வைத்துத் தைத்துத் தர முடியுமா?’ அதற்கு என் பதில், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’. மூன்று நாள் கழித்து, முடிச்சு அழுத்திச் சிவந்துபோன தோலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ‘அழகான படத்துக்கு மிக்க நன்றி. உங்களுக்குத் தள்ளுபடி காத்திருக்கிறது’ என்று போயிருந்தது. பிறகு வாரா வாரம், ‘அம்மா எப்படி இருக்கிறார்கள்?’ கடைசியில் அவர், ‘என் மனைவி காலமாகிவிட்டார்’ என்று எழுதியிருந்தார். ‘உங்கள் பதில் எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.’ அதற்கு அடுத்த வாரமும் ‘அம்மா எப்படி இருக்கிறார்கள்?’

எல்லாம் நான் எழுதி வைத்த வரிகள். மன்னிப்புக் கேட்டு நான்கைந்து முறை தட்டினேன், ஒவ்வொரு முறையும் அழித்தேன். இனி எந்த எழுத்தை அனுப்பினாலும் அதுவும் இயந்திரம் அனுப்பியது போலத்தான் இருக்கும். இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, ஆர்டரில் இருந்த முகவரியைப் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதவைத் திறந்தது போன் செய்த மகள்தான். யாரென்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. உள்ளேயிருந்து அவளுடைய அப்பா, “யாரு மா?” என்று கேட்டதால் வழிவிட்டாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடத்தில் கட்டில் இருந்தது. மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள்.

“நீதானா அந்த நைட்டி விக்கிற பொண்ணு? உக்காரு மா” என்றார்.

நான் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போய் உள்ளேயிருந்து மூன்று நைட்டிகளை எடுத்து வந்தார். இரண்டு பிரிக்காதவை. ஒன்று துவைத்து மடித்தது. அதை விரித்துக் காட்டினார். பின்பக்க நாடாக்களை வெட்டிவிட்டு, இடது விலாப்பக்கம் கொண்டுவந்து கறுப்பு நூலால் தைத்திருந்தார். தையல் ஒரே கோணல்.

“நானு ஊசி புடிச்சவனே இல்ல. இன்னா பண்றது, அவளால திரும்பிப் படுக்க முடியாதே” என்றார். பிறகு, “புண்ணு உன் துணியாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன் மா. படுத்தே கெடந்தா வரும். ஆனா உன்னாண்ட கேட்டேன். எதிர்ல ஆளு கீதுன்னு நெனச்சேன். படத்த அனுப்பிட்டு ரெண்டு நாளு போனையே பாத்துகினு உக்காந்திருந்தேன்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அங்கே அழுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, என் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தாள்.

கிளம்பும்போது அவர் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். “நான் தச்சத மாதிரிக்கு வச்சுக்கோ. பாக்கி ரெண்ட பக்கவாட்டுல மாத்தி யாருக்காச்சும் சும்மா குடு” என்றார்.

அங்கிருந்து நேராகச் சைதாப்பேட்டைக்குப் போனேன். தையல்கார அக்கா அந்தக் கோணல் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மொத தபா நீ துணி கொண்டாந்தப்பவே கேட்டேனே, படுத்துகினு கீறவங்களுக்கு இது குத்தாதான்னு. அப்புறம் பாக்கலாம்க்கான்னு சொல்லிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ட்ட” என்றார்.

எவ்வளவு யோசித்தும் அவர் கேட்டது எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் என்னை இன்னும் குன்ற வைத்தது. உட்கார முடிந்த ஒரு மாமியாருக்குச் சரியாக இருந்ததை வைத்துக்கொண்டு, எழவே முடியாதவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் விற்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே தானாகப் போகும் பதில்களை நிறுத்தினேன். அதுவரை வாங்கிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். கூப்பிட்டு முடிக்கப் பதினோரு நாள் ஆனது. முடிச்சு உறுத்தியதாக இன்னும் ஆறு பேர் சொன்னார்கள். அவர்களுடைய நைட்டிகளை வாங்கி, அக்காவிடம் கொடுத்து மாற்றித் தந்தேன். இப்போது தைப்பதெல்லாம் அந்த ஓட்டுநர் தைத்த மாதிரியில்தான்.

வியாபாரம் ஒன்றும் பெரிதாகிவிடவில்லை. தனியாளின் களைப்பும் குறையவில்லை. பழையபடி எல்லாச் செய்திகளையும் நானே படிக்கிறேன், நானே பதில் எழுதுகிறேன். மதியம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும்போது, மறுபடி வேலைக்கே போய்விடலாமா என்றுகூட நினைப்பேன். ஆனால் பதில் போடாத செய்தி ஒன்று போனில் கிடந்தால், அதை அனுப்பியவர் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பாரோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்னால் படுக்க முடிவதில்லை.