சித்தப்பாவின் மஸ்டாங்

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் போவதென்றால் சந்திரனுக்குப் போகிறவரைப் போல உடுத்திக்கொண்டுதான் போகவேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, காதுக்கு மஞ்சள் நிறத்தில் பெரிய காதுமூடி. இதெல்லாம் சித்தப்பாவின் சட்டம். கண்ணாடி என் தலைக்குப் பெரிதாக இருந்ததால், அம்மா தலைமயிர் கட்டுகிற ரப்பர் வளையத்தை எடுத்து அதைப் பின்பக்கம் இறுக்கிவிட்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட அம்மா வாசலில் வந்து நின்றாலே போதும், "அண்ணி, கண்ணாடி!" என்று சித்தப்பா கத்துவார். அம்மா உள்ளே வராமல், அங்கே நின்றபடி வாய்க்குக் கை கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

அப்போது நாங்கள் கனடாவில், மல்வேர்ன் என்ற இடத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் ஒன்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்றில் இருந்துகொண்டு, கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தார். வீட்டுக்கு இருந்த ஒரேயொரு கராஜை அவருடைய பழைய மஸ்டாங் கார் பிடித்துக்கொண்டது. வாங்கும்போது அதற்குப் பாதி நிறம் நீலம், மீதி துரு. அப்பாவின் கார் பனிக்காலம் முழுக்க வெளியே நின்று விறைத்தது.

"தம்பி, உந்தத் தகரத்தோட மாரடிக்கிற நேரத்துக்கு ஒரு கலியாணத்தைக் கட்டியிருக்கலாம்" என்று அம்மா கிழமைக்கு ஒருமுறையாவது சொல்லுவார். சித்தப்பா சிரித்துவிட்டு மண்தாளை எடுத்துத் துருவைத் தேய்க்கத் தொடங்குவார்.

மஸ்டாங், கமரோ, சார்ஜர் போன்ற, பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார்களை இங்கே மசில் கார் என்பார்கள். சித்தப்பாவுக்கு அவற்றில் பைத்தியம் பிடித்தது கனடாவுக்கு வந்த முதல் கோடையில். சென் ஜேம்ஸ் ரவுணில், அடுக்குமாடி ஒன்றில், பல பேரோடு ஓர் அறையில் படுத்திருந்தவருக்கு யன்னல் வழியாக ஒரு சத்தம் கேட்டதாம். செருப்போடு ஓடிக் கீழே போய்ப் பார்த்தால், சிவப்பு விளக்கில் ஒரு நீல மஸ்டாங் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த விளக்கு இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பாகவே நிற்கும்.

"கமரோ வடிவுதான் பிள்ளை, சார்ஜர் பலம்தான். ஆனா மஸ்டாங் கதைக்கும். அடியிலை குமுறும், அதுக்கு மேலை மெல்லிசா ஒண்டு பாடும்" என்பார்.

அவர் சொன்னால் மெல்லச் சொல்லமாட்டார். வீதிக்கே கேட்கும். ரீவியையும் அப்படித்தான் வைப்பார். பேஸ்மென்றில் அவர் போட்ட செய்தியை மேலே நாங்கள் படுக்கையில் கிடந்தபடி கேட்போம். சித்தப்பா ஒரு சத்தக்காரர், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்று ஆசை. ஆசை என்பது சின்னச் சொல். துரு தேய்த்துத் தேய்த்து விரல் தோல் உரிந்தவள் நான். ஆனால் எஞ்சின் முதல்முதல் உயிர்பெற்ற அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீதியில் ஹொக்கி விளையாடுகிற பொடியன்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஒரு போல்ட்டைக்கூடத் துடைக்காதவன்கள் என் முன்னால் அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டினார்கள். அதன் பிறகு நான் நிற்கும்போது எஞ்சினைப் போட்டால், முதலில் காதுமூடி என் தலையில் ஏறும். கால் பாதத்தில் அதிர்வு தெரியும், தூரத்தில் இடி முழங்குவது போல ஏதோ கேட்கும். அத்தோடு சரி.

"ஒருக்கா மட்டும், சித்தப்பா" என்று கெஞ்சுவேன்.

"காது போனா கடையிலை வாங்கேலாது" என்பார். இதற்கு மேல் பேச்சில்லை.

புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வது எங்கள் ஆட்களின் வழக்கம். சித்தப்பாவின் கார் சித்தப்பாவைவிட மூத்தது. இருந்தாலும் ஒரு சனிக்கிழமை காலை, நீலம் முழுதாகப் பூசி மினுக்கிய மஸ்டாங்கில் எல்லாரும் ஏறிக் கோயிலுக்குப் போனோம். நான் பின்சீற்றில் பட்டுப்பாவாடையும் காதுமூடியுமாக இருந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் நின்ற காரைச் சுற்றிவந்து பார்த்த ஐயர், "புதுசோ?" என்று கேட்டார்.

"எங்களுக்குப் புதுசு, ஐயா" என்றார் சித்தப்பா.

பூசை நன்றாகத்தான் தொடங்கியது. ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தியதும் சித்தப்பா குறுக்கே பாய்ந்துவிட்டார். "ஐயா, கொஞ்சம் தள்ளி நிண்டு காட்டுங்கோ. பெற்றோல் மணக்குது." ஐயர் நாலைந்து கார் தள்ளிப் போய், யாரோ ஒருவருடைய வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தீபத்தைக் காட்டினார். அந்த வண்டிக்கும் அருள் கிடைத்திருக்கும். தேங்காய் உடைக்க வந்த அப்பாவிடம் சித்தப்பா பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினார். சிரட்டை தெறித்தால் கண் என்னாவது என்பது அவருடைய கேள்வி. வேட்டியும் சால்வையும் கொகிள்ஸுமாக அப்பா தேங்காயை ஓங்கி அடித்ததைப் பார்த்து, அருச்சனைக்கு வந்த சனமெல்லாம் திரும்பி நின்றது. அம்மா தனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பில்லாத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

காரின் நான்கு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சித்தப்பா எஞ்சினைப் போட்டார். பழங்களை நசித்துக்கொண்டு கார் முன்னே போகவேண்டியதுதான் மிச்சம். ஆனால் அவர் எஞ்சினை ஓடவிட்டுக் கீழே இறங்கி வந்தார். எஞ்சினை மூடியிருந்த, சந்தனப் பொட்டு வைத்த பொனற்றில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். குனிந்து, என் ஒரு காதின் மூடியை மட்டும் தன் கையாலேயே தூக்கினார்.

சத்தம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. அடியில் குமுறல். அதற்கு மேலே, அவர் சொன்னது போலவே, மெல்லிதாக ஒரு பாட்டு. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நான் வென்றுவிட்டேன்.

"மேலை ஒண்டு கேக்குதே?"

"ஓம் சித்தப்பா, கேக்குது!"

"எப்பிடி? சொல்லு பாப்பம்."

சொல்லத் தெரியவில்லை. வாயால் செய்துகாட்டினேன். தொண்டையில் குமுறி, உதட்டைக் குவித்து மேலே ஓர் இழுப்பு. அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து என் வாயையே பார்த்தார். "இன்னொருக்கா" என்றார். செய்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மறுபடியும் "இன்னொருக்கா" என்றபோது எனக்கு வெட்கம் வந்துவிட்டது. அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். சித்தப்பா காரில் ஏறி எலுமிச்சம்பழங்களை நசித்தார்.

பிறகு அவர் கலியாணம் கட்டினார், காரை விற்று அஜக்ஸ் என்ற ஊரில் வீடு வாங்கினார். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில், அவருடைய காதுப் பரிசோதனைக்கு மொழிபெயர்க்கக் கூடப் போனேன். எப்போதிருந்து காது கேட்பதில்லை என்று பரிசோதித்த பெண் கேட்டாள். "மல்வேர்னுக்கு வர முதலே" என்றார். வந்த புதிதில் அவர் வேலை செய்த தகரப் பட்டறையில் காதுக்கு ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லையாம். அடிச்சத்தம் கொஞ்சம் பிடிபடும், மேலே வருவது ஒன்றும் கேட்காது என்றார். இதை நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். பாதி சொன்னேன், மீதியை அவளுடைய தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கோடையில் நானூற்றொன்றாம் இலக்க நெடுஞ்சாலையில் அப்படியொரு கார் கடந்து போனால் இப்போதும் யன்னலை இறக்குவேன். அந்தச் சனிக்கிழமை இன்னொரு தடவை வேண்டும்போல் இருக்கும். என் கெஞ்சலுக்கு மனமிரங்கித்தான் காதுமூடியைத் தூக்கினார் என்று அன்று நானாக இருந்த அந்தப் பிள்ளை நினைத்தது. கெஞ்சியது அவர்தான் என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால், யார் சிரித்தால் என்ன, அவர் போதும் என்று சொல்லும்வரைக்கும் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நின்று பாடியிருப்பேன்.