கட்டிங்காரரின் ஆள்காட்டி விரல்

அச்சகத்தில் அவரைக் கட்டிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காகிதம் வெட்டும் மிஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். யார் என்ன கேட்டாலும் ஆமாம் போடுகிற மனுஷன். மிஷின் சரியாத்தானே ஓடுது என்று முதலாளி கேட்டபோதும் ஆமாம் என்றார். பிளேடு தானாக இறங்குவதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரே அவர்தான். மூன்றாம் நாள் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. தங்கமான மனுஷன் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தங்கமாக இருந்து என்னத்தைக் கண்டார்?

ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மேல்கையில் ஓடும் நரம்புகளைச் சுற்றிச் சின்னப் பட்டைகளைப் பொருத்தி, நூல் மாதிரி ஒயர்களைத் தோலுக்கு வெளியே எடுத்துவிட்டார்கள். அவர் விரலை மடக்க நினைத்தால் அந்தச் சேதி ஒயர் வழியாகப் போய்ச் செயற்கைக் கை மடங்கும். செயற்கை விரலில் ஏதாவது பட்டால் அந்தச் சேதி நரம்புக்குத் திரும்பி வரும். ஆறு மாதச் சோதனையில் தேறினால் கை அவருக்கே. இல்லாவிட்டால் ஒயர், பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

நாலாவது மாதம் அவர் மனைவி தையல் மிஷினை விட்டுவிட்டுப் பார்க்க வந்தாள். செயற்கைக் கையின் ஆள்காட்டி விரலைப் பட்டும் படாமலும் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி. தெரியுது" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. பிடித்த விரலை விடவே இல்லை. விபத்துக்குப் பிறகு இருவரும் சந்தோஷமாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

சோதனை என்பது இவ்வளவுதான். கண்ணைக் கட்டிவிட்டு டாக்டரம்மா கம்ப்யூட்டரிலிருந்து சின்னதாகக் கரண்ட் அனுப்புவார். எந்த விரலில் தெரிகிறது என்று இவர் சொல்ல வேண்டும். நடுநடுவே ஒன்றுமே அனுப்பாமலும் கேட்பார்கள். அது இவருக்குத் தெரியாது.

ஆறாவது மாத முடிவில் டாக்டரம்மா காகிதங்களோடு எதிரே உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஒண்ணுமே அனுப்பாதப்பவும் விரல் பேரு சொல்லியிருக்கீங்க. அறுபது தடவையில அம்பத்தோரு தடவை. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க அவ்வளவு பொறுமையா கேட்டீங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரலைம்மா. ஆனா மத்ததெல்லாம் நிஜம்."

நிஜம் எது, மரியாதைக்குச் சொன்னது எது என்று தன்னால் பிரிக்க முடியாது என்றார் டாக்டரம்மா. இவர் கெஞ்சிக் கேட்டதால் மறுபடி ஒருமுறை சோதித்தார்கள். பொய் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், நன்றாகத் தெரிந்ததைக்கூடத் தெரியவில்லை என்றார். பாவி மனுஷன், கிடைத்த ஒரே வாய்ப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

ஒயர்களை எடுத்து, செயற்கைக் கையையும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் நடந்ததை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார். அறுபது, அம்பத்தொன்று என்ற கணக்குவரை சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளாவது நம்புவாள் என்பதைத் தவிர அவருக்கு வேறு பிடிமானம் இல்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு நான் பிடிச்சது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. சத்தியமா தெரிஞ்சுது."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, விடுங்க" என்றாள்.