தண்ணீரில் கண்டம்

பருத்திப்பட்டில் என் தங்கை வீட்டை ஒட்டியிருந்த கொட்டகைக்குக் கூரைத் தகடு வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தக் காலத்தில் கையில் பணம் இருந்தால் மட்டும் தகடு கிடைத்துவிடாது. பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு மனு, மனுவுக்குச் சான்று, சான்றுக்கு மூன்று நகல். எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். அதனால்தான் தகடுகள் அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தன. அவற்றின் அடியில் நிற்க வேண்டியது நிற்காமல் போனதற்கும் அதுதான் காரணம்.

அறுபதுகளின் நடுவில் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் வாகனப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எது ஓடும், எது பழுது பார்த்தால் ஓடும், எது இனி ஓடவே ஓடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மூன்றாவது வகைக்குப் பட்டறைகளில் ‘கண்டம்’ என்று பெயர். ஆங்கிலத்தில் நாங்கள் எழுதிய ‘கண்டெம்ன்ட்’ என்ற நீளமான சொல்லை எண்ணெய்க் கைகள் தேய்த்துத் தேய்த்துக் குட்டையாக்கி வைத்திருந்தன. வண்டி கண்டம் ஆகிவிட்டது என்றால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. ஜோசியர்களும் அதே சொல்லை வைத்திருந்தார்கள். தண்ணீரில் கண்டம், நெருப்பில் கண்டம் என்பார்கள். ஜோசியரிடமாவது பரிகாரம் உண்டு.

என் தங்கையின் கணவருக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்திலேயே எழுதியிருந்தது. ஏரிக்கரையில் குடியிருந்தும் அவர் ஏரியில் இறங்கிக் குளித்ததில்லை. உலக யுத்தத்துக்கு முந்தைய பழைய கார்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். பூந்தமல்லியிலும் பட்டணத்திலும் வக்கீல்கள், டாக்டர்கள் வீட்டில் தாத்தா காலத்து வண்டி நின்றுபோனால் அவருக்குத்தான் ஆள் வரும். அவருக்கென்று ஒரு வண்டியும் இருந்தது. மேல்கூரையை மடித்துவிடக்கூடிய கறுப்பு நிறத் திறந்த கார். ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்து மாதிரி கத்தும் பித்தளை ஹாரன். ஒரு பங்களாத் தோட்டத்தில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அதை வாங்கி வந்து, ஏழு வருடம் பாடுபட்டு ஓட வைத்தார். ஆவடி சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த வண்டிதான். தை பிறந்தால் அதற்கு ஓய்வே இருக்காது. அந்த வருமானத்தில்தான் என் தங்கை வீடு நடந்தது.

கார்த்திகை பிறந்த நாலாம் நாள் புயல் அடித்தது. கொட்டகையின் பழைய கூரை முழுதும் பறந்தது. தகடுகளில் ஒன்றை வெள்ளானூர்ப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள். பார்த்தவர் எவரும் எடுத்து வந்து கொடுக்கவில்லை. ஏரியின் கலங்கல் வழிந்து கொட்டகைக்குள் மார்பளவு தண்ணீர் புகுந்தது. பழுதுக்கு வந்திருந்த இரண்டு வண்டிகள் கட்டையேற்றி நின்றதால் அங்கேயே நின்றன. சக்கரத்தில் நின்ற அவருடைய வண்டியை மட்டும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போய், சாலையோரத்தில் விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் சாய்த்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி வண்டியை நிமிர்த்தியிருந்தார். பின்கதவைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், இங்க வந்து பாரேன். சவாரி ஒண்ணு ஏறிக்கீது.”

பின்னிருக்கைச் சேற்றில் ஒரு விரால் மீன் துடித்துக்கொண்டிருந்தது.

“எத்தினியோ மாப்ளைங்கள ஏத்திக்கினு போயிருக்கேன். இம்மாம் வயவயன்னு ஒரு மாப்ளைய இப்பதான் பாக்கறேன்.”

வாசலிலிருந்து என் தங்கை குரல் கொடுத்தாள். “மாப்ளைய அப்டியே இட்டாய்யா. கொயம்பு வெச்சிட்றேன்.”

தண்ணீரில் மூழ்கிய இன்ஜினை உடனே சுற்றிப் பார்க்கக் கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் தண்டு வளைந்துவிடும். அவசரக்காரர்கள் பலர் அந்த வாரம் அப்படித்தான் நல்ல வண்டிகளைக் கொன்றார்கள். அவர் அவசரப்படவில்லை. பிளக்குகளைக் கழற்றி, அடியில் தேங்கிய சேற்றுநீரை வடித்து, ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். மூன்று வண்டிகளுக்கும் அதைச் செய்துவிட்டு, பிறகு மற்றவர்களுடைய இரண்டையும்தான் முதலில் எடுத்துக்கொண்டார். “நம்பி உட்டுட்டுப் போன வண்டி. நம்மளுது எங்க போவப் போவுது?” என்றார்.

புளியமரத்தருகிலேயே நின்ற தன் வண்டியிலிருந்து இன்ஜினின் தலைப்பாகத்தையும், பொறி தரும் மேக்னெட்டோவையும் மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார். மேக்னெட்டோவின் கம்பிச் சுருள் ஈரம் போக மெல்லிய சூட்டில் காய வேண்டும். அடுப்புக்கு மேலே உறி கட்டித் தொங்கவிட்டார்.

“ஊர்ல பொம்பளைங்க அடுப்புல சோறு ஆக்குறாங்க. நான் காரு ஆக்கிக்கினு கீறேன்,” என்றாள் தங்கை. ஆனாலும் தணலைக் குறைத்துக் கூட்டி அதைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். வேலிமேல் பாய், தலையணைகளோடு வண்டியின் இருக்கை மெத்தைகளும் காய்ந்தன.

இதற்கிடையில் நிவாரண வேலைக்காகத் தாலுகா அலுவலகம் எங்கள் தொழிற்சாலையிடம் ஆள் கேட்டது. சேதமான வண்டிகளையும் இயந்திரங்களையும் பார்த்துச் சான்று கொடுக்க என்னை அனுப்பினார்கள். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் கார்பன் தாள் வைத்த புத்தகம். ஊரே சேற்றில் நின்றபோது நான் மட்டும் பூட்ஸ் போட்டு நடந்தேன்.

கூரைத் தகடு பர்மிட்டுக்கு இரண்டு பட்டியல் இருந்தது. தொழிலை முழுவதும் இழந்தவர்கள் முதல் பட்டியல். பாதி இழந்தவர்கள் இரண்டாவது. அதாவது அடுத்த புயலுக்குள் கிடைக்கலாம். கொட்டகைச் சுவரும் கருவிகளும் தப்பியிருந்ததால் அவர் இரண்டாவதில்தான் வருவார். ஆனால் பிழைப்புக்கான வண்டியே போய்விட்டது என்று ஒரு சான்று இருந்தால் முதல் பட்டியல். விதியை நான்தான் கண்டுபிடித்தேன். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

“மாப்ளே, உங்க வண்டிய கண்டம்னு எழுதிடறேன். பத்து நாள்ல தகடு வந்துடும்.”

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். “இன்னா மச்சான் சொல்ற? தைமாசம் ஓடப்போற வண்டி. நல்லா கீறத செத்துப்பூட்ச்சுன்னு எய்தலாமா?”

“காகிதத்துலதானே. காகிதத்துல செத்தா யாரும் சாகறதில்ல.”

“எனுக்குத்தான் தண்ணில கண்டம்னான் ஜோசியக்காரன். நீ இன்னாடான்னா வண்டிக்கு எய்துற.”

“அப்ப உங்க கண்டம் வண்டியோட போச்சுன்னு வெச்சுக்குங்க.”

அவர் சிரித்தார். அப்புறம் வண்டியின் மட்கார்டைத் துடைத்தபடி, “நீ படிச்சவன். உனக்குத் தெரியாததா?” என்றார்.

எழுதினேன். அடிச்சட்டம் இரண்டு இடத்தில் பிளந்தது, பழுது பார்க்கத் தகுதியற்றது. அடிச்சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உறவினர் உடைமையைச் சோதிப்பவர் அதை மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருட சர்வீஸில் நான் எழுதிய ஒரே பொய்ச் சான்று அது.

முதல் நகல் பர்மிட் பிரிவுக்கு, மூன்றாவது என் புத்தகத்தில். இரண்டாவது நகல் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். அது சாலையைச் சுத்தம் செய்கிறவர்களிடம் போயிற்று. விழுந்த மரம், இடிந்த சுவர், செத்த மாடு, கண்டமான வண்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்த ஒரே பட்டியல்.

சான்று எழுதிய ஒன்பதாம் நாள், பழுது முடிந்த இரண்டாவது வண்டியை ஒப்படைக்க அவர் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். மதியம் என் தங்கை குவார்ட்டர்ஸ் வரை நடந்தே வந்தாள். கால் முழுக்கச் சேறு. உள்ளே வரவில்லை.

“லாரி வந்துச்சு. மரத்த எட்த்துக்கினு போறாங்கன்னு நென்ச்சேன். வண்டிக்கு சங்கிலி போட்டாங்க. குறுக்கால நின்னேன். எங்க ஊட்டு வண்டி, அட்ப்புல அதோட சாமான் காஞ்சிக்கினு கீதுன்னேன். ‘லிஸ்ட்ல கண்டம்னு போட்டுக்கீதும்மா, ஆபீசரு கையெய்த்து’ன்னு அந்தாளு காயிதத்தக் காட்டுனான்.”

வாசற்படியில் காலைத் தேய்த்துச் சேற்றை வழித்தாள்.

“எனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா உன் கையெய்த்து தெரியும்ண்ணா. சின்ன வயசுல செவுத்துல பூரா போட்டு வெப்பியே. அத்தப் பாத்துட்டு ஒதுங்கிக்கினேன்.”

மாலையில் அவர் வந்தார். பூந்தமல்லியிலிருந்து வந்தவர் வீட்டில் உட்காரக்கூட இல்லை. எடுத்த வண்டிகளை அம்பத்தூர்ப் பக்கம் ஒரு திடலில் குவித்திருப்பதை விசாரித்துவிட்டே வந்திருந்தார்.

“காவக்காரன்கிட்ட பேசிட்டேன் மச்சான். கையெய்த்து போட்டவரு நேர்ல வந்து தப்பா எய்திட்டேன்னு சொன்னா உட்டுருவானாம். சைக்கிள்ல போய்ட்டு வந்துரலாம். ஒரு வார்த்தைதான்.”

காவலாளி சொன்னது சரி. சான்று கொடுத்தவரே நேரில் போய் ஒரு வரி எழுதி அதைத் திரும்பப் பெறலாம். அப்படி ஒரு விதி உண்டு. எண்ணோடு எனக்குத் தெரியும். ஆனால் திரும்பப் பெறுகிறவர் காரணம் எழுத வேண்டும். நான் என்ன எழுதுவது? இல்லாத பிளவை இரண்டு இடத்தில் பார்த்தேன் என்றா? தங்கை புருஷன் வண்டி என்பதும் வெளியே வரும். மெமோ வரும், விசாரணை வரும். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது.

“அப்படி நேரா போகக் கூடாது மாப்ளே. மறு ஆய்வு கேட்டு எழுதறேன். முறையா மேலிடம் வழியா போகட்டும். அதுவரைக்கும் வண்டிய யாரும் தொடமாட்டாங்க.”

“தொட மாட்டாங்களா?”

“விதி அப்படி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “செரி மச்சான்,” என்றார். அதுதான் கடைசி மச்சான் என்று எனக்கு அப்போது தெரியாது.

மறு ஆய்வு மனுவை மிக நன்றாக எழுதினேன். இன்றும் ஒரு வார்த்தை மாற்றத் தேவையில்லை. அது மேசை மேசையாகப் போயிற்று. அவர் தினமும் அம்பத்தூருக்குப் போய் வேலிக்கு வெளியே நின்றார். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கேஸ் வெல்டிங்காரர்கள் உள்ளே போவதைப் பார்த்தாராம். அவர்கள் ஒரு ஓரத்திலிருந்து வண்டிகளை வெட்ட ஆரம்பித்தார்களாம். அவர் வண்டி நடுவில் இருந்ததாம். முறை வரும்வரை நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இதெல்லாம் தங்கை சொன்னது. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மனு போட்ட பதினோராம் நாள் பதில் வந்தது. ஊரில் இறந்தவர்களுக்குக் காரியம் செய்கிற நாள். மறு ஆய்வு அனுமதிக்கப்பட்டது.

அந்த வாரமே தகடுகளும் வந்தன. நல்ல கனமான தகடு. பார்க்கப் போனேன். கொட்டகையின் மேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“வாங்க சார்.”

கிண்டல் இல்லை. கோபமும் தெரியவில்லை. வெயிலில் நிற்காதீர்கள் என்று எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். உள்ளே போனேன். அடுப்புக்கு மேலே உறியில் மேக்னெட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது.

“எறக்கிடவான்னு கேட்டேன். ஏணிய எட்த்துக்கினு கூர மேல ஏறிட்டாரு,” என்றாள் தங்கை.

தை பிறந்தது. ஊர்க் கல்யாணங்களுக்கு வேறு வண்டி வந்தது. அவர் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். எட்டு மணிக்குச் சங்கு, ஐந்து மணிக்குச் சங்கு. பழைய வண்டிக்காரர்கள் தேடி வந்தால் வேறு ஆளைக் கைகாட்டினார். புதுக் கூரையின் கீழே என் தங்கை விறகு அடுக்கினாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் “வாங்க சார்”, ஒவ்வொரு முறையும் ஸ்டூல். ஒருமுறை தனியாக இருக்கும்போது, “என்ன மாப்ளே, சார் மோர்னு” என்று சிரித்தபடி ஆரம்பித்தேன். “ஆபீசருதான சார் நீங்க?” என்றார் சாதாரணமாக. அது பொய் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆவடியில் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் சம்பந்தி வீட்டார் பட்டணத்திலிருந்து திறந்த கார் ஒன்றை வரவழைத்திருந்தார்கள்; ஏற்பாடு என்னுடையது அல்ல. ஊர்வலம் கிளம்பி நாலு வீடு தாண்டுவதற்குள் வண்டி இருமிவிட்டு நின்றது. மேளம் தயங்கியது. டிரைவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றி வியர்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் சான்று மட்டுமே எழுதத் தெரிந்தவன்.

கூட்டத்திலிருந்து தங்கை புருஷன் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. டிரைவரை மெதுவாக நகர்த்திவிட்டு மூடியைத் திறந்தார். காதைச் சாய்த்து வைத்து, “ஒரு சுத்து சுத்து” என்றார். பிறகு விரலை உள்ளே விட்டு எதையோ கழற்றினார், ஊதினார், தேய்த்தார், மாட்டினார். ஐந்து நிமிடம் இருக்கும். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அது சீராக ஓடும்வரை கையை மட்கார்டின் மேல் வைத்திருந்தார். ஓடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

கை இரண்டும் கறுப்பு மசகாக இருந்தது. துடைக்க ஒன்றும் இல்லை. என் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினேன்.

“வேணாம் சார், கறையாய்டும்.”

கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்திருந்த புது வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். மேளம் மறுபடி எழுந்தது. வண்டி நகர, அவர் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.