நூறு பாகம் ஒரு மீட்டர்

ரோஷன் பீவி பழவேற்காட்டில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். 1974 ஜூன் மாதம் தோணிரேவை அடுத்த குப்பத்துப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். ஓய்வு பெறும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள், அதே பள்ளிதான். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். அதட்டிப் பேசமாட்டார். புரியாத பிள்ளைக்கு மூன்றாவது முறையும் முதல் முறை போலவே சொல்லித்தருவார்.

வந்த ஆண்டே அவருக்கு ஒரு சோதனை வந்தது. நீட்டலளவைப் பாடம் முடிந்த மறுநாள் காலை, தனக்கோடி தன் மகள் தேவகியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஏரியில் வலை போடுகிறவர்.

"இன்னா டீச்சரம்மா, எட்டு பாகம் கயிறு எட்டு சென்டிமீட்டராமே? அத்த வெச்சி நான் இன்னா, கோழி காலைக் கட்டறதா?"

"யாருண்ணே அப்படிச் சொன்னது?"

"பொன்னேரில கயிறு வாங்கணும், எத்தினி மீட்டர்னு இவள கேட்டேன். இதான் சொல்றா. நாளைலேர்ந்து வரமாட்டா. அவங்க அம்மாவோட மீன்கூடை தூக்கட்டும்."

"நான் சரியாத்தான் போட்டேன் டீச்சர்," என்றாள் தேவகி, தரையைப் பார்த்தபடி. "நூறு பாகம் ஒரு மீட்டர்னு பொஸ்தகத்துல போட்டுகீது."

ரோஷன் பீவி புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். 'ஒரு மீட்டரை நூறு பாகமாகப் பிரித்தால் ஒரு பாகம் ஒரு சென்டிமீட்டர்.' அவர் வளர்ந்த வீட்டில் பாகம் என்றால் பகுதி. வலைக்காரர் வீட்டில் பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை உள்ள நீளம். பாடம் நடத்தியபோது பிள்ளைகள் ஏன் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"அண்ணே, பிடிச்ச மீனை எப்படிப் பிரிப்பீங்க?"

"பங்கு போடுவோம். ஆளுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு."

"மீட்டரை அந்த மாதிரி நூறு பங்கு போட்டா, ஒரு பங்கு சென்டிமீட்டர். அந்தப் பங்கைத்தான் பொஸ்தகத்துல பாகம்னு எழுதியிருக்காங்க."

"பங்குன்னே எழுதறதுக்கு இன்னா கேடு?"

"ஒண்ணும் கேடில்ல. இனிமே நாங்க அப்படியே எழுதிக்கறோம். உங்க பாகம் எத்தனை மீட்டர்னு பார்த்துடலாம், கையை விரிங்க."

தனக்கோடி முனகிக்கொண்டே சுவரில் சாய்ந்து கைகளை விரித்தார். தேவகி பெஞ்சின் மேல் ஏறி இரண்டு நுனியிலும் சாக்பீஸால் கோடு கிழித்தாள். மர அளவுகோலை வைத்து அளந்தார்கள். ஒரு மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

"எங்க நைனாவுக்கு இன்னும் கை நீளம் டீச்சர்," என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

"உங்க நைனாவுக்குக் கை நீளம்னு ஊருக்கே தெரியும்டா," என்றார் தனக்கோடி. வகுப்பு சிரித்து ஓய்ந்தது.

"கை மாறினா பாகம் மாறும். மீட்டர் மாறாது. கடைக்காரர் அதனாலதான் மீட்டர்ல விக்கிறார்," என்றார் ரோஷன் பீவி. "தேவகி, இப்ப எட்டு பாகம் எவ்வளவு?"

தேவகி பலகையில் பெருக்கினாள். "பதிமூணு மீட்டர் எழுபத்தாறு சென்டிமீட்டர்."

"முடிச்சுக்கும் வேணும், பதினாலா வாங்கிக்கறேன்," என்ற தனக்கோடி வாசலைத் தாண்டியபின் திரும்பிப் பார்த்தார். மகள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். "நீ எங்க வர? போய் உக்காரு."

அன்றே ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் அனைத்திலும் அந்த வரியில் 'பாகம்' அடிக்கப்பட்டு 'பங்கு' ஏறியது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்துக்கு யாராவது ஒரு தகப்பன் சுவரில் சாய்ந்து கை விரித்தார். தேவகி பொன்னேரிக்குப் போய்ப் பத்தாவது வரை படித்தாள்.

தனக்கோடி அதற்குப் பிறகு கயிற்றுக்கடையில் யார் கையையும் நம்பவில்லை. "என் பாகம் ஒண்ணேமுக்கால் மீட்டருக்கு மூணு பங்கு கம்மி. அதுக்குத் தக்க போடு," என்பார். மூன்று பங்கு என்றால் என்னவென்று கடைக்காரருக்குத்தான் விளங்காது.