பாம்பனில் மூழ்கிய நாமக்கல் முட்டை

அதிகாலை 4.20. நாமக்கல் பேருந்து நிலையத்தில் நான் ஏறியபோது தோளில் ஒரு பை, மடியில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் உமியில் புதைத்த பன்னிரண்டு முட்டைகள். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் முட்டையோடுதான் போவார்கள் என்று வெளியூரில் கேலி செய்வார்கள். செய்யட்டும். நான் பத்தொன்பது வருடமாக அறிவியல் ஆசிரியை, என் முட்டைக்குக் காரணம் இருந்தது.

என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த முத்துமாரி, பாம்பனில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறாள். சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். "என் வகுப்புல நான் பாடம் நடத்துறதில்லடி, பிள்ளைகளே நடத்திக்கிதுக. நீ வந்து ஒரு பாடம் எடுத்துப் பாரு" என்று போனில் சொல்லியிருந்தாள். பாடம் நடத்தாத டீச்சருக்கு எதற்குச் சம்பளம் என்று நான் கேட்டேன். பார்க்காமல் பேசாதே என்றாள். ஆகவே கிளம்பிவிட்டேன்.

காலை 8.40. மதுரை மாட்டுத்தாவணியில் இராமேஸ்வரம் பேருந்து. நடத்துநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா உள்ள?" என்றார்.

"முட்டை."

"ஏன், இராமேஸ்வரத்துல முட்டை கிடைக்காதா?"

"இது பள்ளிக்கூடத்துச் சோதனைக்கு."

"சோதிச்சு முடிச்சு ஆம்லெட் போட்ருவீகல்ல? அப்பச் சரி" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இராமநாதபுரத்தில் பத்து நிமிடம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய், உளுந்து வடை பத்து ரூபாய். அங்கிருந்து பாம்பன் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். கடற்படை விமானத் தளம் இருக்கும் உச்சிப்புளியில் தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்தது. பேருந்தில் என்னைத் தவிர யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் கடல்! வடக்கே ஒரு நிறம், தெற்கே வேறொரு நிறம். ஐம்பது வயதுக்காரி என்பதை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். முட்டைப் பெட்டியைப் பக்கத்து இருக்கைக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

பகல் 12.35. பாம்பன் நிறுத்தத்தில் என்னை அழைத்துப் போக ஒரு சிறுமி நின்றிருந்தாள். பெயர் ஜெசிந்தா, முத்துமாரியின் வகுப்பு. பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் நடை. பாதி வழியில் அவளாகவே கேட்டாள்.

"டீச்சர், இன்னைக்கு நல்லா நடத்துவீகளா?"

"ஏன் கேக்குற?"

"எங்கப்பா அப்ளிகேசன் பாரத்தோட வாராரு. ராம்நாட்ல இங்கிலீஷ் மீடியத்துல சேக்குறதுக்கு. என் நோட்டுல ஒண்ணுமே எழுதலைன்னு அவருக்குக் கோவம். இன்னைக்கு வகுப்பப் பாப்பாரு. பிடிக்கலைன்னா பாரத்தத் திங்கக்கிழமை கொடுத்துருவாரு." கொஞ்ச தூரம் போனதும், "எனக்கு இங்கன இருக்கணும் டீச்சர்" என்றாள்.

"கவலைப்படாதே. நாமக்கல் முட்டை யாரையும் ஏமாத்தாது" என்று அவள் தோளைத் தட்டினேன். என் வாய்க்கு இரண்டு போட்டிருக்க வேண்டும்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் முத்துமாரி விவரம் சொன்னாள். அவள் வகுப்பில் விடையை எழுதிப் போடுவதில்லை. ஒரு கருத்தைச் சொன்னதும் பிள்ளைகள் நாலைந்து பேராகக் கூடித் தங்கள் ஊகத்தைத் தரையில் சாக்பீஸால் எழுதுவார்கள். செய்து பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள். எல்லாம் தீர்ந்த பிறகே, அவரவர் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதுவார்கள். அதனால் நோட்டு நிரம்ப நாளாகும். பெற்றோர் முதலில் பார்ப்பதோ நோட்டை. அன்று வியாழக்கிழமை. புதன்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் காலையில் கரைக்கு வந்துவிட்டதால் அப்பாமார்கள் வீட்டில் இருந்தார்கள். அதற்காகவே அந்த நாளைப் பெற்றோர் கூட்டத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

பிற்பகல் 2.30. வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள், சுவரோரம் பதினாலு பெற்றோர். வாசலுக்குப் பக்கத்தில் ஜெசிந்தாவின் அப்பா மிக்கேல். படகில் முப்பது வருடமாகத் தொழில் செய்பவர். சட்டைப் பையில் மடித்த பாரமும் ஒரு பேனாவும் வெளியே தெரிந்தன.

நான் கம்பீரமாகக் கரும்பலகையில் எழுதினேன்: "நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும். கடல் தண்ணீரில் மிதக்கும்." பத்தொன்பது வருடமாக எழுதி வரும் வரி.

"நம்புறீகளா?" என்று முத்துமாரி பிள்ளைகளைக் கேட்டாள்.

"பாத்துட்டுச் சொல்றோம் டீச்சர்" என்றாள் ஜெசிந்தா. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் கடல் கிடையாது. உப்பை அள்ளிப் போட்டுக் காட்டிவிட்டு, கடல் தண்ணீரும் இப்படித்தான் என்று சொல்லிவிடுவேன். இங்கே அது செல்லவில்லை. நான்கு பிள்ளைகள் வாளியோடு ஓடினார்கள். நூற்றைம்பது அடி தூரத்தில் கடல். மூச்சு வாங்க நிஜக் கடல் தண்ணீரோடு வந்தார்கள். ஆறு குழுக்கள், ஆறு ஊறுகாய் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் அளந்து அரை லிட்டர். ஐந்து குழுவுக்குக் கடல் தண்ணீர், ஒரு குழுவுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர்.

ஆறு ஜாடியிலும் முட்டை நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

முட்டைகளை மாற்றிப் போட்டேன். அவையும் அடியில். "பயணத்துல குலுங்கினதுல கலங்கியிருக்கும்" என்று மழுப்பினேன்.

"எல்லா முட்டையும் ஒண்ணாக் கலங்குமா டீச்சர்?" என்றான் ஒருவன். பெற்றோர் பக்கம் சிரிப்பு.

மிக்கேல் மட்டும் சிரிக்கவில்லை. "நோட்டுலயும் ஒண்ணும் இல்ல. வந்த டீச்சரும் தப்பாச் சொல்றாக. எம்புள்ள இங்கன என்னத்தப் படிக்கும்?" அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஜெசிந்தா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், உப்பு பத்தலையோ?"

"எனக்கும் தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றாள் முத்துமாரி. தெரியாது என்று பெற்றோர் முன்னால் ஓர் ஆசிரியை சொல்கிறாள்! நானாக இருந்தால் மணியடிக்கும் வரை இருமிக்கொண்டிருப்பேன்.

"உப்பு போட்டுக்கிட்டே போவோம். எத்தனை கரண்டியில மிதக்குதுன்னு எண்ணுவோம்."

மதிய உணவுச் சமையலறையிலிருந்து உப்பும் டீ கரண்டிகளும் வந்தன. ஒரு கரண்டி, கலக்கு. அடுத்த கரண்டி, கலக்கு. இதற்குள் வாளி தளும்பித் தரையெல்லாம் ஈரம். சாக்பீஸில் எழுதிய எண்ணிக்கை கரைந்துபோனது. "எத்தனைடி போட்டோம்? மூணா, நாலா?" என்று ஒரே கூச்சல். மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி ஒன்று.

"இப்படியா எண்ணுவீக? எழுதி வையுங்க!" சுவரோரமிருந்து மிக்கேலின் குரல். வலை இழுக்கும் இடத்தில் யாராவது எண்ணிக்கையைத் தவறவிட்டாலும் இப்படித்தான் சத்தம் போடுவாராம், பிறகு தெரிந்தது.

"தரை ஈரம்ப்பா. நீங்க எழுதுங்க."

அவர் மகள் பக்கம் வந்தார். பையில் இருந்த பாரத்தை எடுத்தார், உதறினார், திருப்பினார். பின்பக்கம் வெற்றுத் தாள். ஈரத் தரையில் மகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்துக் கோடு போட ஆரம்பித்தார். "கரண்டிய வழிச்சு எடு. மேடு கட்டினா கணக்குத் தப்பும்" என்று மற்றக் குழுக்களையும் அதட்டினார்.

ஆறாவது கரண்டியில் ஜெசிந்தா குழுவின் முட்டை நுனியில் நிமிர்ந்து ஆடியது. ஏழாவதில் மேலே வந்து மிதந்தது. வகுப்பே கத்தியது. நானும் கத்தினேன், வெட்கமில்லாமல். ஒரு குழுவுக்கு ஆறு, மற்றக் கடல் தண்ணீர்க் குழுக்களுக்கு ஏழு. கடைசியில் குழாய்த் தண்ணீர்க்காரர்கள் கை தூக்கினார்கள்: பத்து.

மிக்கேல் பத்தையும் எழுதினார். ஜெசிந்தா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா! பத்துல ஏழு போனா மூணு! அப்ப இந்தக் கடல் தண்ணியில ஏற்கெனவே மூணு கரண்டி உப்பு இருக்கு!"

யாரும் சொல்லித் தரவில்லை. பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் தப்பில் தொடங்கி, ஒரு பதினோரு வயதுப் பிள்ளை கடலையே அளந்துவிட்டாள்.

மிக்கேல் தாளை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருசமா அந்தத் தண்ணியிலதான் கெடக்கேன். உப்புன்னு தெரியும். இத்தனைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

மாலை 4.05. மணியடித்தும் யாரும் எழவில்லை. ஜெசிந்தா பசை டப்பாவை எடுத்து வந்தாள். அப்பாவின் கையிலிருந்த தாளை வாங்கி, தன் அறிவியல் நோட்டின் முதல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எண்கள் மேலே, பாரம் அடியில். அச்சடித்த முன்பக்கம் முழுக்கப் பசையைத் தடவி ஒட்டினாள்.

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்தியா?" என்றார் மிக்கேல்.

"பாத்தேம்ப்பா" என்றாள், தாளை அழுத்திக்கொண்டே.

அவர் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலால் ஒரு மூலையை அழுத்தினார்.

"ஓரத்துல நல்லாத் தேய்ம்மா. பிரிஞ்சு வந்துரப் போகுது."

மாலை 5.30. மதுரைப் பேருந்து. பாலத்தில் இந்த முறை எழுந்து நிற்கவில்லை. மடியில் இரண்டு லிட்டர் பாட்டில் நிறையப் பாம்பன் கடல் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "கோயில் தீர்த்தமா?" என்றார். "இல்லம்மா, பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். புரியாமல் தலையாட்டினார்.

எங்கள் பள்ளியில் நோட்டு எதுவும் காலியாக இருக்காது. அட்டை போட்டு, ஓரம் கோடிட்டு, பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். எந்தப் பெற்றோரும் குறை சொன்னதில்லை. கடல் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று அத்தனை நோட்டிலும் முத்து முத்தான எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழேயும் சிவப்பு மையில் 'சரி' என்று போட்டவள் நான்.

நாளைக்கு முதல் பாடவேளை எனக்கு. பாட்டிலின் மூடியை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன்.